சின்ன வலைத்தளத்துக்கு ஆட்களை வரவைப்பது: பேக்லிங்க் வாங்கலாமா, வேறு வழி இருக்கிறதா?

ஊசிநூல்

வணக்கம். வீட்டுத் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு வலைத்தளம் நடத்துகிறேன். நூல் ஏன் அறுகிறது, ஊசி ஏன் உடைகிறது, பழைய மெஷினுக்கு எண்ணெய் எங்கெங்கே விடுவது என்று நாற்பது சொச்சம் கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாம் நானே மெஷினைப் பிரித்துப் பார்த்து, படம் எடுத்து எழுதியவை. ஆனால் ஆள்வரத்து மிகக் குறைவு. வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்போது ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒரே வாரத்தில் ஆயிரம் பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து என் தளத்துக்கு இணைப்பு, போட்டுத் தருகிறார்களாம். எல்லாமே டொமைன் அத்தாரிட்டி ஐம்பதுக்கு மேல் உள்ள தளங்களாம். கூகுளில் முதல் பக்கம் நிச்சயம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இது சரிப்பட்டு வருமா? வராது என்றால், என் மாதிரி ஆள் இணைப்புக்கு எங்கே போவது? விளம்பரத்துக்குப் பணம் போட முடியாது. நேரம் போடத் தயார்.

வரப்பு

வாங்காதீர்கள். முதலில் அந்த டொமைன் அத்தாரிட்டி விஷயம். அது மோஸ் என்ற நிறுவனம் தன் கணக்கில் போடும் 1 முதல் 100 வரையிலான எண். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. அந்த எண்ணைச் செயற்கையாக ஏற்றிக் காட்டவும் வழிகள் இருக்கின்றன. விற்கிறவர்களுக்கு அது வசதி, அதனால்தான் எல்லா விற்பனை மின்னஞ்சலிலும் அது தவறாமல் இருக்கும்.

இணைப்புக்கு மதிப்பு எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதி புரிந்துவிடும். 1998-இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் பேஜ்ரேங்க் என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்பு கொடுக்கிறார்கள் என்பதோடு, கொடுக்கிறவர்களுக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எடைபோட்டது அது. ஒருவர் தானாக மனமுவந்து இணைப்பு கொடுக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டியது. அந்த நம்பிக்கையைக் காசாக்க ஒரு கூட்டம் உடனே கிளம்பியது. ஒன்றுக்கொன்று இணைப்பு கொடுத்துக்கொள்ள மட்டுமே தளங்கள் உருவாயின.

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம், உடை முதல் தரைவிரிப்பு வரை ஏகப்பட்ட தேடல்களில் முதலிடத்தில் நின்றது. காரணம், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்குப் போடப்பட்டிருந்த இணைப்புகள். விஷயம் தெரிந்ததும் கூகுள் அதைக் கீழே இறக்கிவிட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில் கூகுளின் தேடல் கணக்கில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. போலி இணைப்பில் ஏறிய தளங்கள் கூட்டமாகச் சரிந்தன. சரிந்தவர்கள் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாலும் அடுத்த பெங்குவின் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில்தான் அது கூகுளின் அன்றாடக் கணக்கோடு சேர்ந்தது.

அதற்குப் பிறகு இன்னொன்றும் மாறியது. இப்போது பெரும்பாலும் போலி இணைப்புக்குத் தண்டனை தருவதில்லை, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஆயிரம் வாங்கினால், நல்லபடியாக நடந்தால் பணம் மட்டும் போகும். மோசமாக நடந்தால் தளமும் மாட்டும்.

செங்காந்தள்

வரப்பு சொல்வது பெரிய தளங்களுக்குச் சரி. சின்னவர்களை இப்படி மிரட்டினால் யாரும் எதையும் செய்யாமல் உட்கார்ந்துவிடுவார்கள். நான் ஒரு இசைப் பயிற்சித் தளம் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் டைரக்டரிகளில் (தளங்களைத் துறை வாரியாகத் தொகுக்கும் பட்டியல்களில்) பதிந்தேன், மற்றவர்கள் பதிவில் கருத்து எழுதி என் முகவரியை விட்டுவந்தேன், கேள்வி பதில் தளங்களில் பதில் எழுதினேன். அப்படித்தான் முதல் வாசகர்கள் வந்தார்கள். காசு கொடுத்து வாங்குவது வேறு, நாமே போய் நம்மைப் பற்றிச் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

வரப்பு

நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன் செங்காந்தள். ஆள் வருவது வேறு, தேடுபொறியில் ஏறுவது வேறு. கேள்வி பதிலில் நல்ல பதில் எழுதினால் அதைப் படித்தவர் உங்கள் தளத்துக்கு வருவார், அது உண்மையான பலன். ஆனால் அந்த இணைப்பால் கூகுளில் ஏறுவோம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

கருத்துப் பெட்டிகளில் ஸ்பேம் பெருகியதால் 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து நோஃபாலோ என்ற குறிப்பைக் கொண்டுவந்தன. இணைப்போடு அந்தக் குறிப்பு இருந்தால், 'இதற்கு நான் சான்று தரவில்லை' என்று தளம் சொல்வதாக அர்த்தம். விக்கிப்பீடியா 2007 ஜனவரியிலிருந்து வெளி இணைப்புகள் எல்லாவற்றுக்கும் அதைப் போடுகிறது. 2019 செப்டம்பரில் இன்னும் இரண்டு குறிப்புகள் சேர்ந்தன. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த இணைப்புக்கு ஸ்பான்சர்ட், வாசகர் எழுதியதற்கு யூஜிசி. அதிலிருந்து இவற்றைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு சைகையாகவே எடுத்துக்கொள்கிறோம் என்று கூகுள் சொல்கிறது. ஆக, எப்போதாவது ஒன்று கணக்கில் சேரலாம். அதை நம்பி இரவெல்லாம் கருத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

டைரக்டரிகளின் காலமும் முடிந்துவிட்டது. யாஹூ டைரக்டரி 2014 கடைசியில் மூடியது. தன்னார்வலர்கள் நடத்திய டிமாஸ் 2017 மார்ச்சில் மூடியது. இப்போது டைரக்டரி என்ற பெயரில் இருப்பவற்றில் நிறைய, இணைப்பு விற்கவே வைத்திருப்பவை. தையல்காரர்களே பார்க்கும் பட்டியல் ஏதாவது இருந்தால் அதில் பதியுங்கள். வேறெதிலும் வேண்டாம்.

நிரல்வாசி

எல்லோரும் இணைப்புக்கு ஓடிவிட்டீர்கள். ஊசிநூல், ஒரு நிமிடம் நில்லுங்கள். தளத்தை கூகுள் சர்ச் கன்சோலில் (தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி) சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால் பக்கங்கள் எல்லாம் இண்டெக்ஸ் ஆகியிருக்கின்றனவா, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்ந்திருக்கின்றனவா? தளம் கட்டும்போது 'தேடுபொறிகள் பார்க்க வேண்டாம்' என்று ஒரு பெட்டியில் டிக் போட்டிருப்பார்கள். தளம் திறந்த பிறகும் அதை எடுக்க மறந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் எத்தனை இணைப்பு வந்தும் பயன் கிடையாது.

அடுத்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, கடைசி மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் தளம் எட்டிப் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட தடவை) நிறைய, கிளிக் ஒன்றிரண்டு, சராசரி இடம் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில். இப்படி இருக்கிற வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

ஊசிநூல்

பார்த்தேன். நிரல்வாசி சொன்ன டிக் இல்லை, நல்ல வேளை. ஆனால் ஏழெட்டுப் பக்கங்கள் 'கண்டறியப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்று கிடக்கின்றன.

தேடல்களில் அதிக இம்ப்ரெஷன் காட்டுவது 'தையல் மெஷினில் கீழே நூல் சிக்குகிறது' என்பதும் அதன் வகையறாக்களும். இடம் பதினெட்டு. கிளிக் அநேகமாக இல்லை. அது காட்டும் பக்கத்தின் தலைப்பு 'மெஷின் பராமரிப்பு, பகுதி 3'. அதில் எண்ணெய் விடுவது, பல்லைச் சுத்தம் செய்வது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில்தான் நூல் சிக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

நிரல்வாசி

இதைத்தான் தேடினேன்.

உங்கள் வாசகர் யார் என்று யோசியுங்கள். அவர் துணியை எடுத்துப் பார்க்கிறார், அடியில் நூல் கூடுகட்டி இருக்கிறது. பாபினில்தான் (அடிநூல் சுற்றிய உருளை) கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டுகிறார், சரியாகவில்லை. ஃபோனை எடுத்துத் தேடுகிறார். அவர் கண்ணில் 'மெஷின் பராமரிப்பு, பகுதி 3' என்று பட்டால் ஏன் தொட வேண்டும்? அதில் தன் பிரச்சினை இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பகுதியைத் தனிப் பக்கமாக எடுத்துவிடுங்கள். தலைப்பு அவர் கேட்கிற மாதிரியே இருக்கட்டும்: 'துணிக்கு அடியில் நூல் சிக்குகிறதா? மேல்நூலைப் பாருங்கள்'. முதல் பத்தியிலேயே விடை வந்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த அளவில், துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல்நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. பிடிமானம் இல்லாத மேல்நூல் அடியில் போய்க் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரிதானே? உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தட்டுகள் விரிந்திருக்கும்போது ஒரு படம், இறுகியிருக்கும்போது ஒரு படம், பக்கத்தில் பக்கமாக. அதற்குப் பிறகு மற்ற காரணங்கள்: தவறாகப் போட்ட பாபின், மழுங்கிய ஊசி, ஷட்டிலில் தங்கிய பஞ்சு.

அப்புறம் உள் இணைப்புகள். இண்டெக்ஸ் ஆகாத அந்த ஏழெட்டுப் பக்கங்களுக்கு உங்கள் மற்ற கட்டுரைகளிலிருந்து வழி இருக்கிறதா என்று பாருங்கள். 'பழைய பதிவுகள்' என்று பக்கம் பக்கமாகப் புரட்டினால் மட்டும் கிடைக்கிற கட்டுரையை கூகுளின் ரோபோவும் தேடிக்கொண்டிருக்காது. ஊசி உடைவது பற்றிய கட்டுரையின் நடுவிலேயே, ஊசி அளவைப் பேசும் இடத்தில், ஊசி அளவுப் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல், 'ஜீன்ஸ் துணிக்கு எந்த ஊசி' என்ற சொற்களின் மேலேயே இணைப்பு இருக்கட்டும். யாரையும் கெஞ்ச வேண்டாம், எவருக்கும் காத்திருக்க வேண்டாம், இன்று மாலையே செய்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மற்ற பக்கங்களின் தலைப்பை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்பிவிடல் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள். ஏற்கெனவே யாராவது கொடுத்த இணைப்பு அறுந்துபோகக் கூடாது.

செங்காந்தள்

பக்கத்தின் நிரலில் தேடல் சொற்களை எழுதிவைக்கும் கீவேர்ட் மெட்டா டேக் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் நிரப்பச் சொல்லலாமா?

நிரல்வாசி

வேண்டாம். தேடலில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லும் விவரிப்பு டேக் மட்டும் எழுதுங்கள். அதனால் இடம் ஏறாது, ஆனால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே அது வந்தால் கிளிக் கூடும்.

கைவேலை

நான் இணைப்பு கொடுக்கிற பக்கத்தில் இருப்பவன். கைத்தொழில் கற்கிறவர்களுக்காக ஒரு வளப் பட்டியல் பல வருடமாகப் பராமரிக்கிறேன். பின்னல், தையல், மரவேலை என்று பிரிவு பிரிவாக வெளி இணைப்புகள் வைத்திருக்கிறேன். அதனால் 'உங்கள் பக்கத்தில் எங்கள் இணைப்பைச் சேருங்கள்' என்ற கடிதம் ஓயாமல் வரும். எதைத் திறந்து படிப்பேன், எதை அழிப்பேன் என்று சொன்னால் ஊசிநூலுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

'உங்கள் அருமையான வலைத்தளத்தைப் பார்த்து வியந்தேன்' என்று தொடங்கும் கடிதம் உடனே குப்பைக்குப் போகும். எந்தப் பக்கம், எந்த வரி என்று ஒன்றும் இருக்காது. ஒரே கடிதத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். 'நீங்கள் எனக்குக் கொடுத்தால் நான் உங்களுக்குக் கொடுக்கிறேன்' என்பதும் அப்படியே. என் வாசகருக்கு என்ன பயன் என்று அதில் ஒரு சொல் இருக்காது. பதில் போடாவிட்டால் இரண்டு நாளைக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புகிறவர்களின் முகவரியைத் தடுத்துவிடுவேன்.

ஏற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் நான்கே வரி எழுதியிருந்தார். உங்கள் பின்னல் பிரிவில் மூன்றாவது இணைப்பு திறக்கவில்லை, அந்தத் தளமே மூடிவிட்டது, அதன் பழைய பிரதி, பழைய வலைப்பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் இந்த முகவரியில் இருக்கிறது, அதே விஷயத்தை நானும் படங்களோடு எழுதியிருக்கிறேன், பொருத்தமாக இருந்தால் பாருங்கள். அவ்வளவுதான். அவர் பக்கத்தைத் திறந்தேன். படங்கள் தெளிவாக இருந்தன, நடுவில் குதித்து வரும் விளம்பரம் இல்லை, எழுதியவர் அந்த வேலையைச் செய்தவர் என்று தெரிந்தது. அப்போதே சேர்த்தேன். அவர் கேட்டதைவிட அதிகமாக எனக்குக் கொடுத்திருந்தார்.

அறுந்த இணைப்புகள் எங்கும் இருக்கின்றன. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை. என்னைப் போல் பட்டியல் வைத்திருப்பவர் எல்லோருடைய பக்கத்திலும் இப்படி ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றாகச் சோதிக்க எங்களுக்கு நேரம் இல்லை. யாராவது சொன்னால் நன்றியோடு திருத்துவோம்.

ஆனால் ஒன்று. இணைப்பு கொடுக்கத் தகுந்த பக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். முகப்புப் பக்கத்துக்கு இணைப்பு கேட்காதீர்கள், அங்கே போய் என் வாசகர் என்ன செய்வார்? மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள்.

ஊசிநூல்

கைவேலை ஐயா, மிகவும் நன்றி. மறுபக்கத்திலிருந்து இப்படி யாரும் சொன்னதில்லை.

அப்படி எடுத்துப் பார்க்கிற பக்கம் என்றால், ஊசி அளவு அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். 90/14 என்று ஊசி உறையில் போட்டிருப்பதற்கு என்ன அர்த்தம், எந்தத் துணிக்கு எது என்று. 90 என்றால் ஊசித் தண்டின் பருமன் 0.9 மில்லிமீட்டர், 14 என்பது அதே அளவின் பழைய எண். மெல்லிய துணிக்கு 60/8 முதல் 70/10 வரை, சாதாரணப் பருத்திக்கு 80/12, கனமான ஜீன்ஸுக்கு 100/16. இதைக் கேட்காத ஆளே இல்லை. இது போதுமா?

கைவேலை

நல்ல தேர்வு. ஆனால் இதே அட்டவணை ஏராளமான தளங்களில் இருக்கிறதே. உங்களுடையதில் வேறு என்ன இருக்கிறது? தவறான ஊசியில் தைத்தால் தையல் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். ஒரே துணியை மூன்று அளவு ஊசியில் தைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் அருகில் வைத்துப் படம் எடுங்கள். மெல்லிய துணியில் பெரிய ஊசி போட்ட ஓட்டை, கனத்த துணியில் சின்ன ஊசி விட்டுவிட்ட தையல், எல்லாம் கண்ணுக்குத் தெரியட்டும். அச்சடித்து மெஷின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு பக்கப் பிடிஎஃப் சேருங்கள். தையல் சொல்லித் தருகிறவர் தன் மாணவர்களுக்குக் கொடுக்க இதைத்தான் தேடுவார். அவர்தான் உங்களுக்கு இணைப்பு தருவார், நான் இல்லை.

வரப்பு

இதோடு நானும் உடன்படுகிறேன். இணைப்பு கொடுப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டால், ஆசிரியர்கள், பட்டியல் பராமரிப்பவர்கள், அதே துறையில் எழுதும் வேறு ஆட்கள், செய்தி எழுதுகிறவர்கள், இவ்வளவுதான். சாதாரண வாசகரிடம் இணைப்பு கொடுக்கத் தளமே இருக்காது. அவர் உங்கள் முகவரியை நண்பருக்கு அனுப்புவார், அதுவும் பெரிய விஷயம், ஆனால் அது வேறு வேலை.

செங்காந்தள்

கெஸ்ட் போஸ்ட் பற்றி யாரும் பேசவில்லையே. மற்றவர் தளத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து அடியில் நம் இணைப்பை வைப்பது. எனக்கு அதில் நல்ல அனுபவம்.

வரப்பு

2014 ஜனவரியில், அப்போது கூகுளில் ஸ்பேம் தடுப்புக் குழுவை நடத்திய மேட் கட்ஸ், இணைப்புக்காகக் கெஸ்ட் போஸ்ட் எழுதுவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். ஒரே கட்டுரையைச் சொல் மாற்றி ஐம்பது இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால்.

செங்காந்தள்

இணைப்புக்காக எழுதுவதைத்தானே அவர் சொன்னார்? புது வாசகரைச் சந்திப்பதற்காக எழுதுவதை அவரும் தவறு என்று சொல்லவில்லை. நான் எழுதியது இசைக்கருவி பராமரிப்பு பற்றிய ஒரு தளத்தில், என்னால் முடிந்ததில் மிகச் சிறந்த கட்டுரை. என் தளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்ட கட்டுரையைத்தான் அங்கே கொடுத்தேன். அதைப் படித்து வந்தவர்கள் என் தளத்தில் அடுத்தடுத்த பக்கங்களைப் படித்தார்கள், அஞ்சல் பட்டியலில் சேர்ந்தார்கள். அந்த இணைப்பில் நோஃபாலோ இருந்ததா இல்லையா என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

ஊசிநூலுக்கு இதையே சொல்வேன். துணி வெட்டுவது, உடை வடிவமைப்பது பற்றி எழுதுகிற தளங்கள் இருக்கும், அவர்களுக்கு மெஷின் பழுது தெரியாது. அங்கே போய் ஒன்று எழுதுங்கள். உங்களிடம் இருப்பதில் நல்லதைக் கொடுங்கள்.

வரப்பு

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். மொத்தமாக எழுதித் தள்ளுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கூழாங்கல்

அதிகம் பேசாத ஒரு வழியைச் சொல்கிறேன். தையல் தெரிந்தவர்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இருப்பார்கள். ஆனால் அங்கே உங்கள் முகவரியைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். யாராவது சந்தேகம் கேட்டால் பதிலை முழுதாக அங்கேயே எழுதுங்கள், படம் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் இணைப்பு கொடுங்கள்.

அந்த இணைப்பு அனுப்பும்போது என்ன தெரிகிறது என்று உங்களுக்கே ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். படமும் தலைப்பும் கொண்ட ஒரு அட்டை மாதிரி வர வேண்டும். அது ஓப்பன் கிராஃப் என்ற குறிப்புகளிலிருந்து வருகிறது. 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்தது, இப்போது எல்லாச் செயலிகளும் படிக்கின்றன. படம் 1200-க்கு 630 பிக்சல் வைத்தால் பெரும்பாலான இடங்களில் வெட்டுப்படாது. முகவரியை ஆங்கிலமல்லாத எழுத்தில் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் நகல் எடுத்து ஒட்டும்போது ஒன்பது எழுத்தாக விரியும். ஒரு நீளத் தலைப்பு முகவரியாக இருந்தால் திரை முழுக்க விழுக்காட்டுக் குறிதான் நிற்கும், பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்.

இன்னொன்று. குழுக்களிலிருந்து வருகிறவர்கள், வருகையைக் கணக்கிடும் அனலிடிக்ஸில் பெரும்பாலும் 'நேரடி' என்ற கணக்கில்தான் விழுவார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது. முகவரியின் வாலில் யூடிஎம் குறிச்சொல் சேர்த்து அனுப்பினால் தெரியும்.

ஊசிநூல்

கூழாங்கல், அதைச் செய்கிறேன். ஒரு பயம் இருக்கிறது. இப்போது கூகுள் மேலேயே செயற்கை நுண்ணறிவு விடையைக் காட்டிவிடுகிறது. பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்துவிடுங்கள் என்று அதுவே சொல்லிவிட்டால் என் பக்கத்துக்கு யார் வருவார்?

நிரல்வாசி

நியாயமான பயம். அந்த விடை 2024 மே மாதம் அமெரிக்காவில் பரவலாக வந்தது, பிறகு மற்ற நாடுகளுக்கும் போனது. ஒரு வரி விடைக்காக வந்தவர்களில் ஒரு பகுதி குறையத்தான் செய்வார்கள். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் விடை படித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தவருக்கு டென்ஷன் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவருக்குப் படம் வேண்டும், அவர் மெஷின் மாடலுக்கே உரிய படம் வேண்டும். அச்சடிக்கும் தாள் வேண்டும். தன் மெஷினைப் படம் எடுத்து அனுப்பிச் சந்தேகம் கேட்க ஒரு ஆள் வேண்டும். இவற்றை நோக்கி எழுதுங்கள். அஞ்சல் பட்டியல் ஒன்றும் இப்போதே தொடங்குங்கள், தேடுபொறி என்ன செய்தாலும் அந்தத் தொடர்பு உங்கள் கையில் இருக்கும்.

ஊசிநூல்

படங்கள் எடுத்து ஊசிப் பக்கத்தைத் திருத்திவிட்டேன், பிடிஎஃப்பும் சேர்த்தாயிற்று. தையல் சொல்லித் தரும் ஒருவருடைய தளத்தில் 'பயனுள்ள இணைப்புகள்' பக்கம் பார்த்தேன். அவருக்கு அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்:

'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம். நான் தையல் மெஷின் பழுது பற்றி எழுதிவருகிறேன். உங்கள் தளம் மிகச் சிறப்பாக உள்ளது. என் தளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றில் ஊசி அளவு பற்றிய கட்டுரை உங்கள் மாணவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். தங்கள் பக்கத்தில் இணைப்பு கொடுத்தால் மகிழ்வேன். உங்கள் பக்கத்தில் ஊசி உறை பற்றிய இணைப்பு ஒன்று திறக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கைவேலை

முக்கியமானதைக் கடைசியில் வைத்துவிட்டீர்கள். திறக்காத இணைப்பு முதலில் வர வேண்டும். பாராட்டு வரியை எடுத்துவிடுங்கள், உண்மையில் அவருடைய எந்தப் பாடம் உங்களுக்குப் பிடித்ததோ அதைப் பெயர் சொல்லி எழுத முடிந்தால் மட்டும் வையுங்கள். நாற்பது கட்டுரை என்பது அவருக்குத் தேவையில்லை. இப்படி இருக்கட்டும்:

'வணக்கம். உங்கள் பயனுள்ள இணைப்புகள் பக்கத்தில் ஊசி உறையைப் படிப்பது பற்றிய இணைப்பு திறக்கவில்லை. அதன் பழைய பிரதி இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது, முகவரியைக் கீழே தருகிறேன். நானும் அதே விஷயத்தை எழுதியிருக்கிறேன். ஒரே துணியை மூன்று ஊசியில் தைத்த படங்களும், வகுப்பில் கொடுக்க அச்சடிக்கும் தாள் ஒன்றும் அதில் உள்ளன. தாளை மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், என் பெயர் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தவறு ஏதும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், திருத்துகிறேன்.'

இணைப்பு தாருங்கள் என்று எங்கேயும் கேட்கவில்லை பாருங்கள். கேட்காமலே புரியும். பதில் வராவிட்டால் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஊசிநூல்

அப்படியே அனுப்புகிறேன் ஐயா. கடைசியாக ஒரு சந்தேகம். சர்ச் கன்சோலின் இணைப்புகள் பட்டியலில் எனக்குச் சம்பந்தமே இல்லாத, பெயர் வாயில் நுழையாத தளங்கள் சில எனக்கு இணைப்பு கொடுத்திருப்பதாகக் காட்டுகிறது. நான் யாரிடமும் வாங்கவில்லை. இவற்றை டிஸவ் செய்ய, அதாவது கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்ல, வேண்டுமா? அந்த மின்னஞ்சல் அனுப்பியவர்கள் பழிவாங்கியிருப்பார்களோ?

வரப்பு

பழிவாங்கல் எல்லாம் இல்லை. தேடல் முடிவுகளையும் படங்களையும் தானாகச் சுரண்டி எடுத்துப் பக்கம் போடும் தளங்கள் எல்லோருக்கும் இப்படி இணைப்பு கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். டிஸவ் கருவியை கூகுள் 2012 அக்டோபரில் கொடுத்தது போலி இணைப்பால் மாட்டியவர்களுக்காக. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை என்று கூகுளே சொல்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிவிடும். சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்ற, கூகுள் ஆட்கள் நேரடியாக விதித்த தண்டனைகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சிக்கல் எதுவும் இல்லை என்று அங்கே இருந்தால் இந்தப் பட்டியலைத் தொட வேண்டாம்.

ஊசிநூல்

பார்த்தேன், சிக்கல் எதுவும் இல்லை என்றே இருக்கிறது. கடிதம் போயாயிற்று. அடுத்து நூல் சிக்கும் பக்கத்தைத் தனியாகப் பிரிக்கிறேன்.